மாப்பிள்ளைக்கு வேர்க்கட்டும்

கொழும்பு வெள்ளவத்தையின் காலி வீதியில், சனம் நெரிகிற பட்டப்பகலில், ஒரு புடவைக் கடைக்கு முன்னால் நின்றபடி நெற்றியிலும் அக்குளிலும் போத்தல் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். இதற்குத்தானா நாலு வருஷம் உளவியல் படித்தேன் என்று மண்டைக்குள் ஒரு கேள்வி வந்தது. வந்தாலும் ஊற்றினேன். எங்களுக்குப் பயிற்சி தர வந்திருந்த மிஸ் பஸ் தரிப்பிடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போங்கோ. சல்வார் துணி ரெண்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கோ. விலையைக் கேளுங்கோ. அவ்வளவுதான்."

சிம்பிள் என்று நினைத்துத்தான் போனேன். மேடையேறிக் கத்திப் பழகிய வாய் இது. ஆனால் கடைப் பெண் என் சட்டையைப் பார்த்த அந்த ஒரு கணத்தில் நெஞ்சு தவில் அடிக்கத் தொடங்கிவிட்டது. "அம்மாடி, என்ன வெயில்!" என்று சொல்லி, ஷோலால் முகத்தைத் துடைத்து, துணியை விரிக்க முதலே வெளியே வந்துவிட்டேன்.

"ஏன் துடைச்சனீங்க?" என்றார் மிஸ்.

"வேர்த்தாத் துடைக்கத்தானே வேணும்?"

"வேர்க்கேல்லையே. நீங்களே ஊத்தின தண்ணி."

நான் ஷோலை முறுக்கிப் பிழிந்தேன்.

"வெயில் எண்டு ஏன் சொன்னனீங்க?"



பாடம் அவ்வளவுதான். மற்றவர்கள் தன்னைக் கேவலமாக நினைப்பார்கள் என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் எல்லாரிடமும் இப்படிச் சின்னச் சின்னத் தந்திரங்கள் இருக்கும். துடைப்பது, சாக்குச் சொல்வது, கீழே பார்ப்பது, மூலையில் நிற்பது. பயந்தது நடக்காவிட்டால், தந்திரம்தான் காப்பாற்றியது என்று மனம் முடிவெடுத்துவிடும். அதனால் பயம் சாவதே இல்லை. தந்திரத்தைக் கைவிட்டுவிட்டு, சனங்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார்க்க வேண்டும். அதுதான் நாங்கள் படிக்க வந்த சிகிச்சையின் முதுகெலும்பு. நாங்கள் செய்யாத ஒன்றை வருகிறவரிடம் செய்யச் சொல்லக் கூடாது என்பது மிஸ்ஸின் சட்டம்.

எனக்கு அடுத்து அதே கடைக்குள் போனவர் அக்கா. அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் வேலை செய்கிற இலவச மருத்துவ நிலையத்தில், நான் பிறப்பதற்கு முன்பிருந்தே உளவளத்துணையாளராக இருக்கிறார். ஐம்பது தாண்டிய, வெள்ளைச் சேலை விருப்பமுள்ள, சத்தமாகச் சிரிக்கிற ஆள். கடைக்குள் ஈரத்தோடு போனவர் வருகிறார் இல்லை. மிஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். எட்டிப் பார்த்தால், தண்ணீர் கழுத்தால் வடிய வடிய, அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கடைப் பெண்ணின் மாமியார் பிரச்சினையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். துடைக்கவும் இல்லை, சாக்குச் சொல்லவும் இல்லை. அப்பெண்ணும் ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்னா நங்கி," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார் வெளியே வந்ததும். தங்கச்சியை அவர் சிங்களத்தில்தான் கூப்பிடுவார். "டிகிரிய நனைச்சிட்டீங்களா?"

எங்கள் நிலையத்தில் கீழ்மாடியில் சீனி வருத்தக் கிளினிக், நீரிழிவுக்காரருக்கு. மேல்மாடியில் புண்ணுக்கு மருந்து கட்டுகிற அறையை ப்ளைவுட் பலகையால் பிரித்து, மிச்சத்தை எங்களுக்குத் தந்திருந்தார்கள். சிகிச்சைக் கையேட்டில் ஒரு சந்திப்புக்கு ஒன்றரை மணித்தியாலம், அமைதியான அறை, நல்ல கமரா என்று போட்டிருந்தது. எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணித்தியாலமும், பலகைக்கு அந்தப் பக்கம் "ஐயோ மிஸ், மெதுவா!" என்ற அலறலும், என்னுடைய உடைந்த போனும். இதை வைத்துக்கொண்டு புத்தகத்தில் உள்ள சிகிச்சையை எப்படிச் செய்வது என்று நான் முறைப்பாடு எழுத உட்கார்ந்தபோது அக்கா செய்ய ஆரம்பித்திருந்தார். "ஒருத்தருடைய குரல் நடுங்கினால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்" என்று பலரிடம் கேட்டு, பதில்களை வருகிறவருக்குக் காட்ட வேண்டும் என்பது கையேட்டில் ஒரு பகுதி. நான் அதற்கு கூகுள் ஃபோர்ம் ஒன்று செய்யலாமா என்று யோசித்தேன். அக்கா என் போனைப் பறித்துக்கொண்டு கீழே சீனிக் கிளினிக் வரிசைக்குப் போனார். தமிழில் பாதி, சிங்களத்தில் பாதி. அரை மணித்தியாலத்தில் வாங்கில் உட்கார்ந்திருந்த முழுச் சனமும் பதில் சொல்லிவிட்டது. பதில்களில் பாதி, "பாவம், இரத்தம் குறைவாக்கும்." கையேடு எழுதியவர்கள் பார்த்திருந்தால் எழும்பி நின்று கைதட்டியிருப்பார்கள்.

அப்போதுதான் மாப்பிள்ளை வந்தார்.

நாங்கள் அவரை அப்படித்தான் அழைத்தோம், அவருக்கு முன்னாலேயே. வெள்ளவத்தைப் பையன், வயது முப்பதுக்குக் கிட்ட, வீட்டிலிருந்தே கொம்பியூட்டர் வேலை. அவரை வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு வரவைத்த காரணம் ஒன்றே ஒன்று. இங்கே அவரை ஒருவருக்கும் தெரியாது.

"எனக்கு வேர்க்கும்," என்றார் முதல் நாள்.

"கொழும்பில யாருக்குத்தான் வேர்க்காது மகன்?" என்று அக்காவின் வாய் வரை வந்ததை நான் கண்டேன். அவர் விழுங்கிவிட்டார். அந்தப் பதிலை அவருக்கு ஊரே சொல்லி முடித்திருக்கும். அக்கா கேட்டது வேறு.

"வேர்த்தா என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?"

அவர் விரல்விட்டு எண்ணுவது போலச் சொன்னார். "எல்லாரும் பாப்பினம். பாத்திட்டு ஆளுக்காள் கண்ணைக் காட்டுவினம். பிறகு எனக்குப் பின்னால கதைப்பினம். இவனுக்கு என்னவோ வருத்தம், சொல்லாமக் கட்டி வைக்கினம் எண்டு."

கலியாணம் இரண்டு தரம் தள்ளிப் போயிருந்தது. முதல் தரம் காய்ச்சல் என்றார். இரண்டாம் தரம் ஒஃபிஸில் லீவு இல்லை என்றார். இரண்டும் பொய். மணவறையில் தலைப்பாகையோடு, ஓமப் புகைக்கு முன்னால், வீடியோக்காரனுடைய லைட்டுக்குக் கீழே, முழுச் சனமும் பார்க்க உட்கார முடியாது என்பதுதான் உண்மை. பெண் தெஹிவளையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறார். அவரைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும் இவருடைய முகம் கொஞ்சம் இளகும். பெண்ணின் தகப்பன் தெளிவாகச் சொல்லிவிட்டார், இன்னொரு தரம் தள்ளினால் வேறு இடம் பார்ப்போம் என்று. தேதி குறித்தாயிற்று. எங்களிடம் இரண்டு மாதம் இருந்தது.

"அவவைக் கைவிட எனக்கு விருப்பமில்லை அக்கா," என்றார். "ஆனா அந்தக் கதிரையில நான் இருக்க மாட்டன்."

அவருடைய தந்திரங்கள்: ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பனியன், ஈரம் தெரியாத கறுப்புச் சேர்ட் மட்டும், பொக்கெட்டில் முகம் துடைக்க மூன்று லேஞ்சி. எந்த அறைக்குப் போனாலும் முதலில் ஃபேன் எங்கே என்று பார்ப்பார். எங்கள் அறையிலும் அப்படித்தான் கதிரையை இழுத்துப் போட்டார்.

அவரை ஒரு தரம் தந்திரங்களோடும், ஒரு தரம் அவை இல்லாமலும் என்னோடு கதைக்க வைத்து, இரண்டையும் போனில் எடுத்தோம். வீடியோ போட முதல் அக்கா கேட்டார், "எப்பிடி இருப்பீங்கன்னு நினைக்கிறீங்க?" அவர் சொன்னார், "ஷவருக்குக் கீழ நிண்ட மாதிரி." பிறகு பார்த்தார். லேஞ்சியால் துடைத்துத் துடைத்து, என் முகத்தைப் பார்க்காமல், ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லுகிற ஒரு ஆள். அடுத்ததில் நெற்றி மினுங்க மினுங்க என்னோடு கிரிக்கெட் பற்றிச் சண்டை பிடிக்கிற ஒரு ஆள்.

"இதுல எந்த ஆளோட நீங்க டீ குடிக்கப் போவீங்க?" என்று அக்கா கேட்டார்.

அவர் இரண்டாவதைக் காட்டினார். ஆனால் உடனே என்னைக் காட்டிச் சொன்னார், "அது இவவோடதானே. வெளியில ஆக்கள் வேற மாதிரி."

சரி, வெளியே போவோம் என்றார் அக்கா.

இடத்தை அக்காதான் தெரிவு செய்தார். நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. மாப்பிள்ளை முகத்திலும் வெளிர்நீலச் சேர்ட்டிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டு போய், கவுண்டரில் நின்று பிளேன்டீயும் ரோல்ஸும் கேட்டு, அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். துடைக்கக் கூடாது, காரணம் சொல்லக் கூடாது. போன் பொக்கெட்டில் ஒலிப்பதிவு செய்துகொண்டிருக்கும். நாங்கள் வீதிக்கு எதிர்ப்பக்கம்.

திரும்பி வந்தபோது அவருக்குக் கால் நிலத்தில் இல்லை. "அக்கா, ஒரு சனம் பாக்கேல்ல! அந்த அண்ண என்ன நல்ல மனுசன்! இன்னொரு ரோல்ஸ் தரட்டோ எண்டு கேட்டவர்!" நானும் குதித்தேன். அக்காவும் சிரித்தார். கொஞ்சம் அவசரமாகச் சிரித்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

புதன் பின்னேரங்களில் மிஸ் வருவார். பொரளையிலிருந்து ட்ராஃபிக்கில் நசுங்கி வந்து, ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு, எங்கள் ஒலிப்பதிவுகளைப் போடச் சொல்வார். வருகிறவர்களிடம் அனுமதி வாங்கித்தான் எடுப்போம். மிஸ் அக்காவைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். அதை இரண்டு பேருமே ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. அன்று நான் பெருமையோடு சாப்பாட்டுக் கடைப் பதிவைப் போட்டேன். காலடிச் சத்தம். பாத்திரச் சத்தம். பிறகு கடைக்காரரின் குரல், "வாங்க தம்பி, வாங்க. பயப்புடாம ஆறுதலாச் சொல்லுங்க."

மிஸ் கையை உயர்த்தினார். "திருப்பிப் போடுங்கோ."

போட்டேன்.

"இவர் இன்னும் வாயே திறக்கேல்ல. பயப்பிட வேண்டாம் எண்டு கடைக்காரர் ஏன் சொல்லுறார்?"

ப்ளைவுட் பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் காலையில போய்ச் சொல்லி வெச்சேன் மிஸ்," என்றார். "நம்ம புள்ள ஒன்னு வருவான், ஈரமா இருப்பான், ஒன்னும் கேக்காதீங்க, நல்லா கவனிச்சுக்கங்கன்னு. உள்ள இருந்தவங்கள்ட்டயும் சொல்லச் சொன்னேன்."

கொட்டாஞ்சேனையில் இருபத்தைந்து வருஷம் வேலை செய்தவர் வேறு என்ன செய்வார்? அந்தத் தெருவில் அவர் சொன்னால் தட்டுகிற ஆள் இல்லை. ஒரு பிள்ளையை வெளியே அனுப்புகிறோம், நாலு பேரிடம் சொல்லி வைப்போம். எங்கள் சனம் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புவதே அப்படித்தானே. அது அவருக்குப் பிழையாகவே தெரிந்திருக்காது. கையேட்டிலும் இதைச் செய்யாதீர்கள் என்று எங்கேயும் இல்லை. அதை எழுதிய நாட்டில் ஒருவருக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

"அதுக்கென்ன மிஸ்," என்று நான் பாய்ந்தேன். "நல்லாத்தானே முடிஞ்சது? ஆளுக்கு நம்பிக்கை வந்திட்டுது."

"எதில நம்பிக்கை?" என்றார் மிஸ். கோபம் இல்லை, களைப்புத்தான். "மண்டபத்தில நானூறு பேர் இருப்பினம். அவையளுக்கும் சொல்லி வைப்பமா? அந்தக் கடையில சனம் எப்பிடி நடக்கும் எண்டு அவர் படிக்கேல்ல. அக்கா சொன்னா சனம் எப்பிடி நடக்கும் எண்டுதான் படிச்சவர்."

வத்தளையிலிருந்து பயிற்சிக்கு வருகிற அண்ணன் மெல்லச் சொன்னார், "பேசாம வேறு கடையில திருப்பிச் செய்யலாம். அவருக்கு இது தெரியத் தேவையில்ல." நான் பலமாகத் தலையாட்டினேன். கலியாணத்துக்கு நாள் கிட்டி வந்துகொண்டிருந்தது. இப்போது போய் இதைச் சொன்னால் மாப்பிள்ளை மூன்றாம் தரமும் தள்ளிவிடுவார், எல்லாம் நாசம். மிஸ்கூட அதை மறுக்கவில்லை. "அது அக்காட முடிவு," என்றார்.

அக்கா நிமிர்ந்தார். "அவன்ட பயம் என்னா? எல்லாரும் தனக்குப் பின்னால பேசி வெச்சுக்கிட்டு, முன்னால நடிக்கிறாங்கன்னு. நான் செஞ்சது அதே தானே, நங்கி? அந்தப் பயத்த நான் உண்மையாக்கிட்டேன். இத மறைச்சா, இன்னொரு தரம் அவனுக்குப் பின்னால பேசுன மாதிரி."

 

அடுத்த சந்திப்பில் நானும் இருந்தேன். மாப்பிள்ளை வெளிர்நீலச் சேர்ட்டோடேயே வந்திருந்தார், ஃபேனைத் தேடாமல் உட்கார்ந்தார்.  அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"மகன், போன கிழமை சாப்பாட்டுக் கடைக்கு நான் முன்னுக்கே போய்ச் சொல்லி வெச்சேன். நீங்க வருவீங்கன்னும், ஒன்னும் கேக்க வேணாம்னும்."

அவர் சிரித்தார், பகிடி என்று நினைத்து. பிறகு சிரிப்பு நின்றது.

"அந்த அண்ண நடிச்சவரா?"

"ஓம் மகன்."

"அங்க இருந்து சாப்பிட்ட மற்ற ஆக்கள்?"

"அவங்களுக்கும் தெரியும்."

அவருடைய நெற்றியில் வேர்வை துளித்தது. இந்த முறை யாரும் ஊற்றவில்லை. கை தானாகப் பொக்கெட்டுக்குப் போனது. லேஞ்சி இல்லை, கொண்டு வரவில்லை. புறங்கையால் துடைத்தார்.

"அப்ப நீங்க எல்லாரும் ரோட்டுக்கு அங்கால நிண்டு பாத்துச் சிரிச்சனீங்களா?"

"சிரிக்கல்ல. ஆனா ஒங்களுக்குச் சொல்லாமச் செஞ்சது பிழை. ஒங்களால ஏலாதுன்னு நான் நினைச்சிட்டேன். அது என்ட பயம். ஒங்கடது இல்ல."

நான் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழவில்லை. மன்னிப்புக் கேட்டார், ஆனால் "பரவாயில்ல அக்கா" என்று மாப்பிள்ளையைச் சொல்ல வைக்கிற மாதிரிக் கேட்கவில்லை.  மாப்பிள்ளை எழும்பினார். கதவு ப்ளைவுட் என்பதால் அடித்துச் சாத்தியும் பெரிய சத்தம் வரவில்லை.

அடுத்த கிழமை அவர் வரவில்லை. கீழே வரிசை படிக்கட்டு வரை நின்றது. அவருடைய நேரத்தை வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். "அது அவன்ட நேரம்," என்றார் அக்கா, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அழைத்துப் பார்க்கலாமே என்றேன். "திரும்பவும் பின்னால போகச் சொல்றீங்களா?" என்றார். எனக்குத் தெஹிவளையில் காத்திருக்கிற அந்த டீச்சரை நினைக்க நினைக்க மனம் கேட்கவில்லை.

அதற்கடுத்த கிழமை, அவருடைய நேரத்துக்கு ஐந்து நிமிடம் முந்தியே மாப்பிள்ளை கதவடியில் நின்றார். முகத்தில் இன்னும் கோபம் மிச்சம். உட்கார முதலே போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"கேளுங்கோ. இதை நீங்க ஒழுங்கு பண்ணியிருக்க ஏலாது."

கோபத்தில் அவர் செய்த வேலை இது. அக்காவுக்குத் தெரிந்த மனிதரே இல்லாத இடம் எது என்று யோசித்திருக்கிறார். வேலை விட்டுச் சனம் வீட்டுக்குப் போகிற நேரம், வெள்ளவத்தை ஸ்டேஷனில் முகத்தையும் சட்டையையும் நனைத்துக்கொண்டு, வருகிற ரயிலில் ஏறியிருக்கிறார். கதவடியில், நெருக்கியடித்த கூட்டத்துக்கு நடுவில். எங்களுடைய பயிற்சியை எங்களிடமிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்ச் செய்திருக்கிறார் மனிதர். இதை எண்ணும்போது இன்றைக்கும் எனக்கு விசிலடிக்கத் தோன்றுகிறது.

பதிவில் ரயில் சத்தம். கடலை விற்கிறவரின் சத்தம். திடீரென்று ஒரு இளம் குரல், சத்தமாக, நக்கலாக, "அய்யே, வெஸ்ஸத?"

"மழையா அண்ண எண்டு கேக்கிறான்," என்று மாப்பிள்ளை எனக்கு விளக்கினார், எனக்குச் சிங்களம் தெரியாது என்ற மாதிரி. பதிவில் சுற்றி நின்ற கூட்டம் சிரிப்பது கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எதற்காக அவர் இத்தனை வருஷம் பயந்தாரோ அது நடந்தேவிட்டது, ஓடுகிற ரயிலில், இறங்கவும் வழியில்லாமல்.

பிறகு மாப்பிள்ளையின் குரல், கொஞ்சம் நடுங்கி, "நே மல்லி. மே மம."

இல்லை தம்பி, இது நான்தான்.

சிரிப்பு இன்னும் பெரிதாக வெடித்தது. அந்தச் சிரிப்புகளில் ஒன்று மாப்பிள்ளையுடையது.

"பிறகு?" என்றார் அக்கா.

"பிறகு என்ன? அவன் தன்ட முதுகைக் காட்டினான். அவனுக்கும் தொப்பலாத்தான் இருந்தது. பிறகு எல்லாரும் தங்கட தங்கட போனைப் பாக்கத் தொடங்கிட்டினம். தெஹிவளையில கூட்டம் இறங்கேக்க என்னை ஒருத்தரும் திரும்பிப் பாக்கேல்ல." அவர் நிறுத்தி, அக்காவை நேராகப் பார்த்தார். "உங்கட கடைக்காரர் அண்ண அவ்வளவு அன்பா நடந்தார். அதில எனக்கு ஒண்டும் விளங்கேல்ல அக்கா. இந்தப் பொடியன் நக்கலடிச்சான். அதிலதான் விளங்கினது."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். அந்தக் கணத்தில் நானாக இருந்தால் ஒரு லெக்சரே அடித்திருப்பேன்.

மாப்பிள்ளை இன்னொன்றும் சொன்னார். அக்கா செய்ததை நினைத்து நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தபோது, தான் செய்து வைத்திருந்ததும் ஞாபகம் வந்ததாம். வீடியோக்காரரிடம் முகத்தைக் கிட்ட எடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார். மண்டபத்தில் மணவறைக்குப் பக்கத்தில் மறைவாக இரண்டு ஃபேன் வைக்க ஒழுங்கு செய்திருந்தார். சொந்தக்காரத் தம்பி ஒருவனிடம் லேஞ்சியோடு பின்னால் நிற்கச் சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெஹிவளைக்குப் போய்ப் பெண்ணிடம் காய்ச்சலும் லீவும் பொய் என்று சொல்லியிருக்கிறார்.

"என்ன சொன்னாங்க?" என்று நான் கேட்டேன், பொறுக்க முடியாமல்.

"'உங்களுக்கு வேற ஆரும் இருக்கினமாக்கும் எண்டு ரெண்டு தரம் அழுதனான். வேர்வையாம் வேர்வை' எண்டு பேசினா. நல்லா ஏசினா." அவருடைய முகம் ஏச்சு வாங்கின முகம் போல இல்லை.

பயிற்சி முடிவில் எங்கள் ஒவ்வொருவரின் வேலையையும் மிஸ் மதிப்பிட, ஒரு சந்திப்பின் பதிவைக் கொடுக்க வேண்டும். அதில் தேறினால்தான் மேற்பார்வை இல்லாமல் இந்தச் சிகிச்சையைச் செய்யலாம். நாங்கள் எல்லாரும் எங்களுடைய ஆகச் சிறந்ததைத் தேடி எடுத்தோம். அக்கா, மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டு, அவர் கதவைச் சாத்திவிட்டுப் போன பதிவைக் கொடுத்தார். "வேற நல்லது இருக்கே!" என்று நான் கத்தினேன். "நல்லது எல்லாம் மிஸ்ஸுக்குத் தெரியும்," என்றார். மிஸ் அதை முழுக்கக் கேட்டார். பிறகு, அடுத்த வருஷம் வருகிற பயிற்சியாளர்களுக்கு இதைப் போட்டுக் காட்டலாமா என்று மாப்பிள்ளையிடம் கேட்கச் சொன்னார். அக்கா தேறினார். நானும் தேறினேன், மயிரிழையில்.

கலியாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு வந்தது. சிகிச்சை தருகிறவர்கள் போகக் கூடாது, போகவும் இல்லை. மண்டபம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அன்று காலை நாதஸ்வரம் ஜன்னலால் வந்தது. கெட்டிமேளம் கேட்கும்வரை பல் துலக்கிக்கொண்டே நின்றேன்.

ஒரு மாதம் கழித்து அவர் கடைசிச் சந்திப்புக்கு வந்தார், மனைவியோடு. டீச்சர் மெலிந்த, கண்ணாலேயே வகுப்பை அடக்குகிற ரகம். மாப்பிள்ளை போனில் கலியாண வீடியோவைத் தொடக்கி அக்காவிடம் நீட்டினார். முகம் கிட்டத்தில், தலைப்பாகைக்குக் கீழே காதோரமாக வேர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு கணம் பார்த்துவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இத கமரா பாத்தது. நீங்க என்னா பாத்தீங்க மகன்?"

"இவரிட்டயா கேக்கிறீங்கள்?" என்றார் டீச்சர். "நிச்சயதார்த்தத்தில நான் என்ன நிறச் சாறி எண்டு கேளுங்கோ. தெரியாது. எத்தினை பேர் வந்தது? தெரியாது. பக்கத்தில இருந்தது நான்தானோ எண்டே சந்தேகம்."

"அது அப்ப," என்றார் மாப்பிள்ளை. பிறகு தொடங்கினார். ஐயர் மந்திரத்துக்கு நடுவில் வாட்ஸ்அப் பார்த்தது. முதல் வரிசையில் ஒரு பெரியப்பா வாயைத் திறந்தபடி நித்திரை. தவில்காரரின் மகள் தகப்பனின் மடியில் ஏற அழுதது. தாலி கட்டப் போகும்போது மாமனார் ஓமப் புகையைச் சாட்டாக வைத்துக் கண்ணைத் துடைத்தது.

"அப்பாவா? அப்பா அழேல்ல," என்றார் டீச்சர்.

"அழுதவர். நான் பாத்தனான்."

"எனக்குப் பக்கத்தில நிண்டவர், எனக்குத் தெரியாதா?"

"நீர் குனிஞ்சுகொண்டு இருந்தனீர். நான் நிமிர்ந்து பாத்துக்கொண்டு இருந்தனான்."

டீச்சர் கதிரையை அவர் பக்கம் திருப்பினார். அப்பா எப்படி அழுதார், எந்தக் கண்ணைத் துடைத்தார், பிறகு யாரைப் பார்த்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கீழே யாரோ அடுத்த நம்பரைக் கத்தினார்கள். அக்கா எழும்பிப் போய், கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.